நீர், மின்சாரம், உணவு: வறண்ட பகுதியில் ஏன் ஒரே கணக்கு?

மூன்றையும் தனித்தனித் துறையாகப் பார்க்காமல் சேர்த்துத் திட்டமிடுவதுதான் இந்த ‘ஒரே கணக்கு’. காரணம், ஒன்றைப் பெற இன்னொன்று செலவாகிறது. 100 மீட்டர் ஆழ போர்வெல்லில் இருந்து 1,000 லிட்டர் ஏற்ற, மோட்டார் நல்ல நிலையில் இருந்தாலே சுமார் அரை யூனிட் ஆகும். நீர்மட்டம் இறங்க இறங்க இது கூடும். சென்னை நெம்மேலியில் நடப்பதுபோல் கடல்நீரைக் குடிநீராக்கினால் அதே அளவுக்கு 3 முதல் 4 யூனிட். ஒரு கிலோ அரிசிக்கு 2,000 லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். கடல்நீரைச் சுத்திகரித்து நெல் விளைவித்தால் கிலோவுக்கு 6 யூனிட்டைத் தாண்டும். கட்டுப்படியே ஆகாது! சின்னப் போர்வை மாதிரிதான்: தலைக்கு இழுத்தால் கால் வெளியே வரும்.

சோலார் பம்ப் போட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மின்சாரம் மிச்சமாகும், சரி. ஆனால் ஓட்டச் செலவில்லாத மோட்டார் பகல் முழுக்க ஓடினால் நீர்மட்டம் இன்னும் வேகமாக இறங்கும்.