புகை விடும் 407-ஐ என்ன விலைக்குக் கேட்கலாம்?

கேள்வி: 14 வருடப் பழைய டாடா 407 ஒன்று விலைக்கு வருகிறது. எஃப்சி (தகுதிச் சான்று) காலாவதியாகி நிற்கிறது, புகையும் விடுகிறது. 3,20,000 சொல்கிறார்கள். இன்ஜின் வேலைக்காக 40,000 குறைப்பதாகவும் பேச்சு. வாங்கலாமா?

பதில்: சொன்ன விலையிலிருந்து கழிக்க ஆரம்பித்தால் நீங்கள்தான் ஏமாறுவீர்கள். இதே மாடல், இதே வயது, எஃப்சியோடு ஓடுகிற வண்டி உங்கள் ஊரில் என்ன விலை போகிறது என்று நாலு இடத்தில் விசாரியுங்கள். கழித்தல் அங்கிருந்துதான்.

வண்டி பார்க்கக் காலையிலேயே போங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். ஸ்டார்ட் ஆகிச் சூடேறியதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். லேசான ஆவி பரவாயில்லை. குப்குப்பென்று புகை தள்ளினால் இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் குழாயான லைனரும் தேய்ந்தாயிற்று. சைலன்சரில் நீலப் புகை ஆயில் எரிவது. கறுப்பு மட்டும் என்றால் நாசில், பம்ப், ஏர் ஃபில்டரோடு முடியலாம். இரண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும்.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின், அதாவது முன் சக்கரம் திரும்பத் தாங்கும் முளை. சேஸில் பட்டை (ஸ்பிரிங் பட்டை) மாட்டும் இடங்களில் வெல்டிங் தழும்போ, அங்கே மட்டும் புதுப் பெயிண்டோ இருந்தால் பேரமே வேண்டாம். டயரில் 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேல் கட்டைகள்) தேயாமல் நிறைய இருந்தாலும் கிழட்டு டயர்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு: ஓடுகிற வண்டி 4,25,000. இன்ஜின் 85,000, கிங்பின்-பிரேக் 25,000, எஃப்சி வேலையும் கட்டணமும் 40,000, ஆக 1,50,000. பிரித்த பிறகு தெரிகிற வேலைக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, 30,000. பட்டறையில் நிற்கும் 20 நாளுக்கு, நாள் வருமானம் 1,500 வீதம் 30,000. மொத்தம் 2,10,000 போனால் வண்டிக்கு 2,15,000. பேச்சை 1,95,000-ல் தொடங்குங்கள். எட்டு வருடம் தாண்டியதால் இனி வருடா வருடம் எஃப்சி; வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும்.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் (கடன்) இருந்தால், கடன் கொடுத்தவரின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லாச் சான்று), கடன் தீர்ந்ததைச் சொல்லும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வரும்வரை அட்வான்சுக்கு மேல் தராதீர்கள்.