முதலிடம் யாருக்கு?

கேள்வி: 2023இல் உலக ஸ்மார்ட்போன் விற்பனையில் ஆப்பிள் முதலிடம் என்றார்கள், ஆனால் பத்தில் ஏழு போன்கள் ஆண்ட்ராய்டு என்றும் படிக்கிறோம். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், அளக்கப்பட்டவைதான் வேறு. ஐடிசி என்ற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது, அந்த ஆண்டில் தயாரிப்பாளர்கள் சந்தைக்கு அனுப்பிய போன்களை; அதில் ஆப்பிளுக்கு 20.1 சதவீதம், சாம்சங்குக்கு 19.4 சதவீதம். ஆண்ட்ராய்டோ ஒரு தயாரிப்பாளர் அன்று. சாம்சங், ஷாவ்மி, விவோ எனப் பலரும் பயன்படுத்தும் இயங்குதளம் (போனை இயக்கும் மென்பொருள்) என்பதால், அவர்கள் அனைவரின் பங்கும் அதில் சேர்ந்துவிடுகிறது. மேலும், 'பத்தில் ஏழு' என்று பலரும் எடுத்துக்காட்டும் ஸ்டாட்கவுண்ட்டர் என்ற இணையப் புள்ளிவிவர நிறுவனத்தின் கணக்கு, திறக்கப்பட்ட இணையப் பக்கங்களை எண்ணுகிறதே தவிர ஆட்களை அல்ல. அனுப்பப்பட்ட போன் கடையிலேயே தங்கியிருக்கவும் கூடும். ஐந்தாண்டுப் பழைய போனை இன்றும் பயன்படுத்துபவரோ அந்த ஆண்டின் அனுப்புதல் கணக்கில் இடம்பெறுவதே இல்லை.