தோடம்பழத்தில் ஊசித்துளை: மருந்து ஏற்றினார்களா?

கேள்வி: புறக்கோட்டையில் ஒரு கிலோ தோடம்பழம் வாங்கினேன். இரண்டில் ஊசி குத்தியதுபோல் துளை. வெட்டினால், துளைக்கு நேர் கீழே சுளை பஞ்சாய்க் காய்ந்து புளித்த வாடை அடிக்கிறது. இனிப்பூட்ட ஊசி போட்டிருப்பார்களா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: பயப்படாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் அத்தனையும் பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும் அந்துப்பூச்சிக்குத்தான் பொருந்துகிறது. யூடோசிமா ஃபலோனியா என்பது அதில் பெரிய இனம். சிறகை மடித்து உட்கார்ந்தால் காய்ந்த இலை மாதிரி. விரித்தால் பின்சிறகு மஞ்சள், அதில் கறுப்பு வளைவு. பெரும்பாலான அந்துகளின் மெல்லிய உறிஞ்சுகுழலால் பழத்தோலைத் துளைக்க முடியாது. இதன் குழல் நுனியோ கெட்டியானது, அரம்போல் முள் நிறைந்தது. குழலின் இரு பாதிகளும் மாறி மாறி அசைந்து தோலை அறுத்துக்கொண்டே இறங்கும். தோடை, மாதுளைத் தோல்கூட அதற்குத் தடையில்லை. சாறு போன இடம் பஞ்சாகிறது. துளை வழியே பூஞ்சணம் புகுந்து பழம் புளிக்கிறது. தோட்டத்தில் இரவில் குத்துப்பட்ட பழம் பறிக்கும்போது நல்ல பழம்போலவே இருக்கும், சில நாள் கழித்துத்தான் குட்டு வெளிப்படும். விற்றவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

வாங்கும்போது துளையைச் சுற்றிப் பெருவிரலால் மெல்ல அழுத்துங்கள். அமுங்கினாலோ சாறு கசிந்தாலோ எடுக்காதீர்கள். வெட்டியதும் வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. இந்த அந்து பழத்தில் முட்டையிடுவதில்லை. புளித்த பழத்தில் நல்ல பாதியைப் பிழிந்து குடிக்கவும் வேண்டாம்.

கேள்வி: தெஹிவளையில் எங்கள் வீட்டு மாதுளையிலும் கொய்யாவிலும் இதே துளைகள். எந்தப் பூச்சிமருந்து வாங்கலாம்?

பதில்: மருந்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். அந்து வெளியிலிருந்து இரவில் வந்து, தோலுக்கு உள்ளே இருக்கும் சாற்றைக் குடித்துவிட்டுப் போய்விடும். தெளித்த நஞ்சு நீங்கள் தின்னும் பழத்தில்தான் மிஞ்சும். புழுவும் உங்கள் மரத்தில் வளர்வதில்லை. சீந்தில் போன்ற கொடிகளில் வளர்கிறது. சிங்களத்தில் ரசகிந்த என்பார்களே, அதுதான். மருந்துக்காகச் சீந்தில் வைத்திருந்தால் பிடுங்க வேண்டியதில்லை. இலைகளைப் புரட்டி, பக்கவாட்டில் கண்போன்ற பெரிய புள்ளிகள் கொண்ட புழுவைப் பொறுக்கினால் போதும். ஆனால் பக்கத்துக் காணியிலிருந்தும் அந்து பறந்து வரும் என்பதால் இதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

காசு செலவழிப்பதானால் பைகளுக்குச் செலவழியுங்கள். கொய்யா எலுமிச்சை அளவுக்கு வந்ததும், மாதுளை நிறம் மாறுமுன், தடித்த கடதாசிப் பையைப் போட்டுக் காம்போடு கட்டுங்கள். பை தொளதொளவென்று இருக்க வேண்டும். பழத்தை ஒட்டிக் கிடக்கும் துணியையோ வலையையோ ஊடாகவே அந்து குத்திவிடும். பலர் தவறுவது இங்கேதான். சொப்பிங் பையும் ஆகாது, உள்ளே வியர்த்துப் பழம் அழுகும். விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள், அந்த வாடைதான் அந்துகளைக் கூட்டிவருகிறது. இருட்டியபின் முதல் சில மணி நேரத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள். பழத்தில் உட்கார்ந்திருப்பதன் கண்கள் தணல்போல் மின்னும், கைவலையால் பிடித்துவிடலாம்.