அம்மாவுக்கும் அக்காவுக்கும் கர்ப்பகாலத்தில் பி.பி. இருந்தது, எனக்கும் வருமா?

இது உங்களுக்கு முதல் கர்ப்பம், பத்தாவது வாரம் நடக்கிறது, மரபணுப் பரிசோதனை செய்தால் முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. பெரம்பூரில் வசிக்கிறேன், எட்டாம் மாதத்தில் பிரீஎக்ளாம்ப்சியா வந்து, குறைமாதத்தில் மகளைப் பெற்றவள். அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன்.

இருபது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதம் போவதோ வேறு உறுப்புகள் பாதிக்கப்படுவதோ சேர்ந்தால் அதுதான் பிரீஎக்ளாம்ப்சியா. தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ வந்திருந்தால் ஆபத்து கூடும் என்பது உண்மை. ஆனால் இதற்கென்று ஒற்றை மரபணு கிடையாது. சிறுசிறு மாற்றங்கள் பல சேர்ந்து செயல்படுகின்றன, அவற்றில் பல சாதாரண உயர் ரத்த அழுத்தத்துக்கும் காரணமானவை. ஆகவே வரும், வராது என்று உறுதியாகச் சொல்லும் மரபணுப் பரிசோதனை எதையும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

நம் வீடுகளில் கவனிக்காமல் விடுவது தகப்பன் பக்கத்தைத்தான். நஞ்சுக்கொடி கருவிலிருந்து வளர்வது. அதன் மரபணுக்களில் பாதி கணவருடையவை. 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, குழந்தையின் 13ஆவது குரோமோசோமில் எஃப்.எல்.டி.1 என்ற மரபணுவுக்கு அருகிலுள்ள மாற்றங்கள் தாயின் பிரீஎக்ளாம்ப்சியாவோடு தொடர்புடையவை என்று காட்டியது. அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தின் ஒரு வடிவம் நஞ்சுக்கொடியிலிருந்து அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் கலக்கும்போது, ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பேணும் வளர்ச்சிப் பொருள்களைப் பிடித்துக்கொள்கிறது. அழுத்தம் ஏறுவதும் சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுவதும் அதனால்தான். கருவுக்கு 13ஆவது குரோமோசோம் வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும் கர்ப்பங்களில் இந்த நோய் அதிகம் காணப்படுவதும் இதோடு பொருந்துகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோய் கண்ட கர்ப்பத்தில் பிறந்த ஆண்களின் மனைவியருக்கும் அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

என் முதல் பரிசோதனையில், "அம்மாவுக்கு பி.பி. உண்டா?" என்று மட்டும் கேட்டார்கள். இல்லை என்றேன். குழந்தை இன்குபேட்டரில் இருந்தபோது, பார்க்க வந்த உறவினர் ஒருவர் "பொண்ணு வீட்டு உடம்பு வாகு" என்று சொல்ல, என் அம்மா வாய் பேசாமல் வராண்டாவுக்குப் போய்விட்டார். வீடு திரும்பிய பிறகு ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார், என் வீங்கிய காலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவன் வயித்துல இருக்கும்போது எனக்கும் இப்படித்தாம்மா. மெட்டியைக் கழட்ட முடியாம பத்தர்கிட்ட போய் அறுத்து எடுத்தோம். ஜன்னி வந்துதான் இவனைப் பெத்தேன்." ஜன்னி என்று அவர் சொன்னது வலிப்பை. எனக்கு வந்ததற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அது முன்பே மருத்துவரின் காதுக்குப் போயிருக்க வேண்டிய செய்தி.

உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முதல் கர்ப்பம், குடும்ப வரலாறு இரண்டும் சேர்ந்தால் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு சொல்வதன்படி பன்னிரண்டாவது வாரத்திலிருந்து தினமும் 75 முதல் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் பரிந்துரைக்கப்படும். 2017இல் வெளியான ஆஸ்ப்ரே (ASPRE) என்ற ஆய்வில், ஆபத்து அதிகம் என்று கண்டறியப்பட்ட பெண்கள் இரவில் 150 மில்லிகிராம் எடுத்துக்கொண்டதில், 37 வாரத்துக்கு முன் பிரசவிக்க நேரும் பிரீஎக்ளாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அடுத்த வருகையிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன் மாமியாரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். "பி.பி. இருந்ததா?" என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரக்கூடும், அந்தக் காலத்தில் பலருக்கு யாரும் அளந்து பார்த்ததே இல்லை. மகன் எத்தனையாவது மாதத்தில் பிறந்தார், முகமும் கையும் வீங்கினவா, வலிப்பு வந்ததா என்று கேளுங்கள்.