பன்னிரண்டு நிமிடத்தில் எவ்வளவு தூரம்?

கேள்வி: பள்ளிக் கால்பந்து அணிக்குப் பயிற்சி தருகிறேன். 12 நிமிட ஓட்டத்தை வைத்து மாணவர்களின் ‘தம்’, அதாவது மூச்சு வாங்காமல் தாக்குப்பிடிக்கும் திறன், எவ்வளவு என்று கணக்கிடலாம் என்கிறார்கள். எங்களிடம் 400 மீட்டர் டிராக் இல்லை. மண் மைதானம் இருக்கிறது, எட்டிய தூரத்தில் கடற்கரை இருக்கிறது. எங்கே, எப்படி ஓடவிடுவது?
– உடற்கல்வி ஆசிரியர், உச்சிப்புளி

பதில்: கடற்கரை வேண்டாம், மைதானமே போதும். மணலில் கால் புதையப் புதைய அடிக்கு அடி கூடுதல் சக்தி செலவாகும், தூரம் குறையும். கணக்கோ கெட்டித் தரைக்குப் போட்டது. அலை நனைத்த ஓரம் கெட்டிதான், ஆனால் ஒரு பக்கம் சரிந்திருக்கும்.

60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலத்தில் ஒரு செவ்வகம் போடுங்கள். ஒரு ரவுண்டு சரியாக 200 மீட்டர். கயிறு இழுத்தால் நீளும், டேப்பால் அளங்கள். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரண்டு பக்கமும் 72 மீட்டர் 11 சென்டிமீட்டர் வர வேண்டும். வராவிட்டால் செவ்வகம் கோணல். 20 மீட்டருக்கு ஒன்றாகப் பத்துக் கொடி நடுங்கள். நான்கு மூலையிலும் மணல் நிரப்பிய வாளி வையுங்கள், இல்லையென்றால் பையன்கள் குறுக்கே வெட்டிவிடுவார்கள்.

இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவன் ஓட, மற்றவன் ஒவ்வொரு ரவுண்டுக்கும் தாளில் ஒரு கோடு போடட்டும். வாயால் எண்ணினால் தப்பும். ஒரு ரவுண்டு தப்பினால் விடையில் கிட்டத்தட்ட நாலரை எண் ஏறும் அல்லது இறங்கும். அணித் தேர்வே மாறிவிடும். கையிலுள்ள போனையும் நம்பாதீர்கள், இவ்வளவு சின்ன மைதானத்தின் திருப்பங்களில் ஜிபிஎஸ் தடுமாறும்.

பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு விசில் கொடுங்கள். 12-ஆம் நிமிட விசிலில் அவரவர் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். 11 ரவுண்டு முடித்து, அடுத்ததில் 9 கொடி தாண்டி, மேலும் 7 மீட்டர் என்றால் 2387 மீட்டர். அதில் 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுத்தால் 42.1. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நிமிடத்தில் உடல் பயன்படுத்தும் அதிகபட்ச ஆக்ஸிஜன் இத்தனை மில்லி லிட்டர் என்று பொருள். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-ல் வெளியிட்ட முறை இது. ஆய்வகத்தில் முகமூடி மாட்டி அளப்பதற்கு ஈடாகாது, மதிப்பீடுதான்.

கெடுவது பெரும்பாலும் முதல் நிமிடத்தில். விசில் ஊதியதும் நூறு மீட்டர் பந்தயம்போல் பாய்ந்து, நாலாவது நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். 2400 மீட்டர் இலக்கு என்றால் ரவுண்டுக்குச் சரியாக 60 விநாடி. முதல் ரவுண்டை 50 விநாடியில் முடிப்பவனை அதட்டி நிறுத்துங்கள். முதல் தடவையை ஒத்திகையாக விட்டு, சில நாள் கழித்து ஓடுவதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. கச்சான் வீசும் மாதங்களில் எதிர்க்காற்றில் இழந்த நேரத்தைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது. விடிந்ததும், காற்றும் வெயிலும் ஏறுமுன் முடித்துவிடுங்கள். புழுக்கத்தில் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போகவேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கே நாடி எகிறும். ஜூனில் ஒரு நாள் மதியமும் டிசம்பரில் ஒரு நாள் காலையும் ஓடவிட்டு, பையன் தேறிவிட்டான் என்று சொல்ல முடியாது.

காய்ச்சல் விட்டு எழுந்தவன், ஓடும்போது நெஞ்சு வலிக்கிறது அல்லது மயக்கம் வருகிறது என்பவன், வீட்டில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருப்பவன் – இவர்களை மருத்துவர் பார்க்காமல் ஓடவிடக் கூடாது.

கேள்வி: என் மகன் அப்பாவோடு வத்தையில் துடுப்பு போடுவான், நீச்சலில் அவனை யாரும் பிடிக்க முடியாது. இந்த ஓட்டத்தில் மட்டும் கடைசியில் வந்தான். தம் இல்லையா?
– வாசகி, பாம்பன்

பதில்: இருக்கிறது அம்மா. துடுப்பிலும் நீச்சலிலும் தோளும் முதுகும் பழகியிருக்கின்றன. ஓட்டம் காலைக் கேட்கிறது. கடலில் தண்ணீர் தாங்கும் எடையைத் தரையில் அவனே சுமக்க வேண்டும். ஆறு வாரம், வாரம் மூன்று நாள் மெதுவாக ஓடிப் பழகட்டும், பிறகு பாருங்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்புப் பெண்களுக்கும் இதே சூத்திரமா?
– ஆசிரியை, தொண்டி

பதில்: வேண்டாம். அது வயதுவந்த ஆண்களை வைத்துப் போட்டது. 12 நிமிடம் வேகத்தைக் காப்பதும் சிறுவர்களுக்குக் கடினம். 20 மீட்டர் பீப் ஓட்டம் பொருந்தும்: இரண்டு கோடுகளுக்கிடையே ஒலிக்கேற்ப ஓட வேண்டும், மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி நிமிடத்துக்கு அரைக் கிலோமீட்டர் கூடும். முதல் நிமிடத்தில் ஒரு நீளத்துக்குச் சுமார் எட்டரை விநாடி. ஒலிக்குள் கோட்டைத் தொட அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் ஆட்டம் முடிந்தது. வேகத்தை ஒலி பார்த்துக்கொள்வதால் முதல் நிமிடப் பாய்ச்சல் இதில் கிடையாது. திரும்பும் இடத்தில் சறுக்கும் மண் இருந்தால் பெருக்கிவிடுங்கள்.