கட்டிலருகே ஏழாவது ஆளாகப் போகும்போது

கேள்வி: கொழும்பில் மருத்துவபீட மூன்றாம் வருட மாணவி நான். வார்டுக்குப் போகத் தொடங்கி நாலு மாதம். ஹிஸ்டரி (நோய் பற்றிய விபரம்) கேட்டு எடுக்கப் போனால் நோயாளர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். “அவர்கள் இடத்தில் உன்னை வைத்துப் பார்” என்கிறார்கள் சீனியர்கள். அப்படிப் பார்த்தால் எனக்கு இரவில் நித்திரையே வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இது உங்கள் மனப்பலவீனம் இல்லை. அந்த அறிவுரைதான் அரைகுறை. உளவியலாளர் டானியல் பேட்சன் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், துயரத்தில் இருந்த ஓர் இளம்பெண்ணின் பேட்டியை மாணவர்களைக் கேட்கவைத்தார்கள். ‘எனக்கு இப்படி நடந்தால்?’ என்று நினைத்துக் கேட்டவர்களுக்கு இரக்கத்தோடு சொந்தக் கலக்கமும் சேர்ந்து வந்தது. ‘இவளுக்கு எப்படி இருக்கும்?’ என்று கேட்டவர்களுக்கு இரக்கம் வந்தது, கலக்கம் அந்தளவுக்கு இல்லை. ஆகவே, அந்தக் கட்டிலில் உங்களைப் படுக்கவைக்காதீர்கள்.

சரி, அவருக்கு எப்படி இருக்கும் என்பதையாவது நாமே ஊகிக்கலாமா? அதிலும் பிழைவிடுவோம். நான் மாணவனாக இருந்தபோது ஹட்டனிலிருந்து வந்த ஓர் ஐயா வாயே திறக்கவில்லை. ஒபரேஷனுக்குப் பயம் என்று நானே முடிவெடுத்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டபோதுதான் தெரிந்தது: பார்க்க வந்த மனைவி ஊருக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டால் இரவு கொழும்பில் எங்கே தங்குவார் என்பதே அவருடைய யோசனை. அதைச் சொல்லித் தீர்த்த பிறகுதான் வலி எப்போது தொடங்கியது என்பதற்கு வந்தார்.

நாளை நோட்டைத் திறக்க முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். காலையிலிருந்து அவரிடம் எத்தனை பேர் இதே கேள்விகளைக் கேட்டிருப்பார்கள்? அதையே கேட்டுவிடுங்கள்: “அம்மா, நிறையப் பேர் வந்து கேட்டாங்களா? களைப்பா இருந்தா அப்புறம் வாறன்.” வேண்டாம் என்றால் உண்மையாகவே போய்விடுங்கள். சரி என்றால், “இந்த வருத்தம் எதனால வந்ததெண்டு நீங்க நினைக்கிறீங்க?” என்று கேட்டு, இடையில் குறுக்கிடாமல் விடுங்கள். சிங்களத்தில் பேசுபவரிடமும் இந்த இரண்டு கேள்விகளையாவது அவருடைய மொழியிலேயே கேட்கப் பழகுங்கள். தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை.

மறுநாள் காலையில் அதே கட்டிலுக்குப் போய் ராத்திரி எப்படி இருந்தது என்று விசாரியுங்கள். உங்கள் நித்திரை இரண்டு வாரத்திலும் திரும்பாவிட்டால், தள்ளிப்போடாமல் பீடத்தின் மாணவர் ஆலோசகரிடம் பேசுங்கள்.