கேள்வி பதில்: யார் இந்த கிறிஸ்டினா யாண்டா?

கேள்வி: சென்ற இதழில் போலந்து நடிகை கிறிஸ்டினா யாண்டா என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அவர் யார்? டிவி நடிகையா, சினிமா நடிகையா?
- உயர்தர மாணவி, தலவாக்கலை

பதில்: இரண்டும்தான் தங்கச்சி, மேடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1952 இல் பிறந்தவர். வார்சாவில் நாடகக் கல்லூரியில் படித்து 1975 இல் வெளியே வந்தார், வந்த கையோடு ஆந்திரே வைதா என்ற பெரிய இயக்குனரின் படம் கிடைத்தது. 1977 இல் வெளியான 'சலவைக்கல் மனிதன்' அது. ஐம்பதுகளில் ஒரு கொத்தனாரை, ஒரே ஷிஃப்டில் ஆயிரக்கணக்கில் செங்கல் அடுக்கிய உத்தமத் தொழிலாளி என்று அரசாங்கம் தலையில் தூக்கிவைத்து ஆடி, சிலை எல்லாம் செய்துவிட்டு, அப்புறம் ஆளையே காணாமல் ஆக்கிவிடுகிறது. அவருக்கு என்ன ஆயிற்று என்று தோண்டிக்கொண்டே போகும் சினிமாக் கல்லூரி மாணவிதான் யாண்டா. நமக்கு இந்தக் கதை ஒன்றும் புதிதில்லை. ஒருவர் சாதனை என்று அடுக்கிக் காட்டினால் மற்ற எல்லாருக்கும் அளவு ஏறும், நம் தேயிலைத் தோட்டத்தில் பேருக்கு (ஒரு நாள் சம்பளத்துக்கு) இத்தனை கிலோ கொழுந்து என்று ஏறுவதும், குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுவதும் போல.

படத்தில் ஓர் இடம். அருங்காட்சியகத்தின் கிடங்கில் அந்தக் கொத்தனாரின் சிலை கீழே கிடக்கிறது. யாண்டா கமெராவைத் தானே கையில் எடுத்து, சிலையின் மேல் கால் போட்டு உட்கார்ந்து படம் பிடிக்கிறார். அந்த நடை, சிகரெட், தோளில் தொங்கும் பெரிய பை எல்லாம் சேர்ந்து, இது அவருடைய முதல் பெரிய வேடம் என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாது.

1981 இல் அதன் தொடர்ச்சி, 'இரும்பு மனிதன்'. கிதான்ஸ்க் கப்பல் தளத்தில் 1980 ஆகஸ்டில் நடந்த வேலைநிறுத்தத்தின் சூடு ஆறுமுன்னே எடுத்த படம், வேலைநிறுத்தத்தின் தலைவர் லேக் வலேசாவே அதில் வந்து போகிறார். பிரான்சின் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப்பனை வாங்கியது. அதே வருட டிசம்பர் 13 ஆம் திகதி போலந்தில் இராணுவச் சட்டம் வந்துவிட்டது. அந்த நேரத்தில் யாண்டாவின் கையில் இருந்த படம் ரிஷார்ட் புகாய்ஸ்கி இயக்கிய 'விசாரணை' (வெற்றிமாறன் படமில்லை, அது ரொம்பப் பிந்தியது). பாட்டுக் கச்சேரி முடித்து வரும் பாடகியைக் குடிக்க வைத்துக் கூட்டிப்போய்ச் சிறையில் போட்டுவிடுகிறார்கள். எதற்கு என்று அவளுக்கும் தெரியாது. ஓர் ஆளைக் காட்டிக்கொடுத்துக் கையெழுத்துப் போடு என்கிறார்கள், போட மாட்டேன் என்கிறாள், வருடக்கணக்கில். 1982 இல் படம் தயார், உடனே தடை. ஜனங்கள் வீடியோ கெசட்டில் பிரதி எடுத்து ஒளித்து ஒளித்துப் பார்த்தார்கள். 1989 கடைசியில்தான் தியேட்டருக்கு வந்தது, 1990 இல் கான் விழாவில் சிறந்த நடிகை விருது அவருக்கு. எட்டு வருடம் பிந்திய விருது. என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் இதுதான். முதல் காட்சியில் சிரித்துக் கும்மாளம் போடும் முகமும் கடைசியில் வரும் முகமும் ஒரே ஆளுடையதா என்று சந்தேகம் வரும்.

கேள்வி: போனில்தான் பார்ப்பேன், ரீலோட் பண்ணிய டேட்டா ஒரு படத்துக்குத்தான் காணும். எதில் தொடங்கலாம்?
- வாசகர், ஹட்டன்

பதில்: 'டெக்கலாக்' இரண்டாம் பகுதி. கீஸ்லோவ்ஸ்கி போலந்துத் தொலைக்காட்சிக்காக எடுத்த பத்துப் படங்களில் ஒன்று, ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். கணவர் ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறார், மனைவி வேறொருவரால் கர்ப்பம். கணவர் பிழைப்பாரா மாட்டாரா, அதைச் சொன்னால்தான் பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கலாம் என்று கிழ டொக்டரிடம் போய் நிற்கிறாள். டொக்டர் என்ன சொன்னார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. யாண்டாவுக்கு இதில் வசனம் கொஞ்சம். வீட்டில் ஒரு பூச்சாடிச் செடி, அதன் இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கிறார், அப்புறம் மொட்டையான தண்டைப் பிடித்து வளைக்கிறார். அழுகை இல்லை, ஒப்பாரி இல்லை. நம் சீரியல்களில் இதே காட்சிக்கு மூன்று தரம் இடி இடித்திருக்கும். கமெரா பிடித்தவர் எட்வர்ட் க்வொஷின்ஸ்கி, யாண்டாவின் கணவர்.

கேள்வி: இன்னும் நடிக்கிறாரா?
- வாசகி, பண்டாரவளை

பதில்: 2019 இல் கூட ஒரு படத்துக்காக அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடிப்புக்கான விருது வாங்கினார், வயது அறுபத்தாறு. அதற்கு முன் 2009 இல் வந்த வைதாவின் 'ததாராக்'கைத் தேடிப் பாருங்கள் அக்கா. 2008 இல் கணவர் இறந்துவிட்டார். அவருடைய கடைசி நாட்களைப் பற்றித் தானே எழுதியதை, அரை இருட்டான அறையில் தனியாகப் பேசுகிறார் யாண்டா. கமெரா ஓரிடத்தில் நிற்கிறது, அவர் மட்டும் அறைக்குள் அங்கும் இங்கும் போகிறார். மனம் சரியில்லாத நாளில் மட்டும் பார்க்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் நாடகக் குழு இருக்கிறது, மண்டபம் இல்லை. நடிக்க ஆசைப்படும் ஒரு பிள்ளையை வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். போலந்து நடிகையால் எங்களுக்கு என்ன பிரயோசனம்?
- இளைஞர், மஸ்கெலியா

பதில்: நியாயமான கேள்வி தம்பி. யாண்டாவும் கணவரும் சேர்ந்து வார்சாவில் 'பொலோனியா' என்ற பழைய சினிமா தியேட்டரை எடுத்து 2005 இல் நாடக அரங்காக்கினார்கள். அரசாங்க அரங்கில் பேரோடு இருந்திருக்கலாம், தலையெழுத்தா என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். 2010 இல் இன்னொரு பழைய தியேட்டரிலும் அரங்கு திறந்தார். கோடை வந்தால் பக்கத்துச் சதுக்கத்தில் திறந்த வெளியில் இலவச நாடகம். பஸ் போகும், வேடிக்கை பார்க்கிறவன் நிற்பான், அதற்கு நடுவில் நடிப்பு.

அது நமக்குத் தெரியாததா? மன்மதன், ரதி கதையை ஆடும் நம் காமன் கூத்துக்கு எந்த மண்டபம் இருந்தது? லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) முன்னால்தான் ஆடினோம். ரதி வேடத்தை மட்டும் ஆம்பிளைகளே கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அந்தப் பிள்ளையின் அம்மாவை முதலில் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள், பின்னேரம் ஐந்து மணிக்குள் முடித்து வீட்டில் விடுங்கள், அப்பாவிடம் பொடியன்மார் போய்க் கதைக்க வேண்டாம், தோட்டத்துப் பாடசாலை டீச்சர் யாராவது கதைக்கட்டும். இடத்துக்குக் கோயில் முன்றல் போதும். நாடகம் போடும் நாளை மட்டும் பங்குனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், மே பிறந்தால் மஸ்கெலியாவில் வேடம் கட்டியவன் குடை பிடித்துக்கொண்டுதான் ஆட வேண்டிவரும்.